ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள்

என் ஆலோசனை அறைக்கு வருகிறவர்களைப் பெரும்பாலும் இரண்டு வகையாகப் பிரிக்கலாம். பேச்சு நின்றுபோன, அல்லது பேசத் தொடங்கினாலே சண்டையில் முடிகிற மணவாழ்க்கையோடு வரும் தம்பதியர் ஒரு வகை. அனோரெக்சியா (எடை கூடிவிடும் என்ற அச்சத்தில் பட்டினி கிடந்து மெலிதல்), புலிமியா (அளவுமீறித் தின்றுவிட்டு வாந்தி போன்றவற்றால் அதை ஈடுகட்ட முயல்தல்), கட்டுமீறி உண்ணும் கோளாறு (நிறுத்த முடியாமல் அளவுமீறித் தின்னுதல்) போன்ற உணவுக் கோளாறுகளோடு வருகிறவர்கள் இன்னொரு வகை. இவை இரண்டும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத துறைகள் என்றே பலரும் நினைக்கிறார்கள். முன்பதிவுக்குத் தொலைபேசியில் அழைக்கும்போதே, "எங்களுக்குள்ள சண்டைதாங்க பிரச்சினை, நீங்க சாப்பாட்டு விஷயம் பாக்குறவங்கன்னு சொன்னாங்களே" என்று தயங்குகிறவர்கள் உண்டு. நான் இவ்விரண்டையும் சேர்த்தே செய்வதற்குக் காரணம் இருக்கிறது. உணவுக் கோளாறு உள்ள ஒருவரை மட்டும் தனியே அமர்த்திப் பேசுவது, அவர் திருமணமானவராக இருந்தால், பாதிச் சிகிச்சை என்பது என் உறுதியான எண்ணம். அவரோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறவரும் அறைக்குள் வர வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவராக வராமல், செய்வதற்கு ஒரு வேலை உள்ளவராக வர வேண்டும். அந்த வேலை என்ன, அதை எப்படிக் கற்றுக்கொடுக்கிறேன் என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். இதில் வரும் ஆட்கள் எவரும் தனி ஒருவர் அல்லர். பலருடைய சாயலும் கலந்து, அடையாளங்கள் மாற்றப்பட்டவர்கள்.

தம்பதியரோடு நான் செய்யும் வேலைக்கு அடிப்படை, 1980களில் சூ ஜான்சனும் லெஸ்லி கிரீன்பெர்க்கும் கனடாவில் உருவாக்கிய, உணர்வை மையமாகக் கொண்ட சிகிச்சை முறை. சண்டையின் பொருள் எதுவானாலும், அது பணமோ, மாமியாரோ, பிள்ளையின் தொடக்கநிலை இறுதியாண்டுத் தேர்வோ, அதற்கு அடியில் ஒரே சுழற்சி திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கும் என்பது அம்முறையின் பார்வை. ஒருவர் நெருங்கிவந்து கேட்கிறார், குறை சொல்கிறார், மற்றவர் ஒதுங்குகிறார். ஒதுங்க ஒதுங்கக் கேட்பவரின் குரல் உயர்கிறது. குரல் உயர உயர ஒதுங்குபவர் இன்னும் தள்ளிப் போகிறார். யார் முதலில் தொடங்கியது என்று விசாரிப்பதில் பயனில்லை, ஏனெனில் இருவரிடமும் அதற்கு நியாயமான பதில் இருக்கும். நான் முதல் சில அமர்வுகளில் செய்வதெல்லாம் அந்தச் சுழற்சியை ஒரு தாளில் வரைந்து, இருவருக்கும் நடுவில் வைப்பதுதான். "அவர் இப்படி" "இவள் இப்படி" என்று வந்தவர்கள், "நாங்க இதுல மாட்டிக்கிட்டோம்" என்று சொல்லத் தொடங்கும் நாளிலிருந்துதான் உண்மையான வேலை ஆரம்பமாகிறது.

சிங்கப்பூரில் இந்தச் சுழற்சிக்கு ஓர் அமைதியான வடிவம் உண்டு. நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் மாமனார், மாமியார், பிள்ளைகள், சில வீடுகளில் பணிப்பெண் என எல்லோரும் இருக்கும்போது கணவன் மனைவியால் குரல் உயர்த்த முடியாது. ஆகவே சண்டை வாட்ஸ்அப்பில் நடக்கிறது; அல்லது படுக்கையறையில், மின்விசிறியின் சத்தத்துக்கு அடியில், கிசுகிசுப்பாக நடக்கிறது. ஒதுங்குகிறவர் வீட்டை விட்டுப் போவதில்லை. கீழ்த்தளத்துக் கல்மேசையில் உட்கார்ந்துவிட்டு எல்லோரும் தூங்கிய பிறகு மேலே வருகிறார். வெளியிலிருந்து பார்த்தால் சண்டையே இல்லாத வீடு. அமெரிக்க ஆய்வாளர் ஜான் காட்மன் மணவாழ்க்கையை அரிக்கும் நான்கு பழக்கங்களைச் சொல்கிறார்: ஆளையே குறைசொல்லுதல், இகழ்தல், தற்காத்துப் பேசுதல், சுவராக மாறிவிடுதல். இவற்றில் இகழ்ச்சிதான் மிக மோசமானது என்பது அவருடைய கண்டறிதல். என் அனுபவமும் அதுவே. ஆனால் நம் குடும்பங்களில் நான் முதலில் பார்ப்பது பெரும்பாலும் நான்காவதைத்தான். அடக்கம், பொறுமை என்று நல்ல பெயர்கள் அதற்குக் கிடைத்துவிடுவதால், அது நோய் என்று தெரிய வெகுநாள் ஆகிறது.

உணவுக் கோளாறு உள்ள வீட்டுக்குள் இதே சுழற்சியை வைத்துப் பாருங்கள். மனைவி குறைவாகச் சாப்பிடுகிறார். கணவர் கவனிக்கிறார், கவலைப்படுகிறார், "இன்னும் ஒரு தோசை போட்டுக்கோ" என்கிறார். மனைவி மறைக்கத் தொடங்குகிறார்: அலுவலகத்தில் சாப்பிட்டுவிட்டதாகச் சொல்கிறார், தட்டில் இருப்பதைப் பிள்ளைக்கு ஊட்டிவிடுகிறார். கணவர் சோதிக்கத் தொடங்குகிறார்: குப்பைப் பையைப் பார்க்கிறார், கழிவறையில் குழாய் ஓடும் நேரத்தைக் கவனிக்கிறார். சோதனை கூடக் கூட மறைப்பும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் கணவர் களைத்து, "எப்படியோ போ" என்று ஒதுங்கிவிடுகிறார். அந்த ஒதுக்கம் மனைவிக்கு, தான் அன்புக்குத் தகுதியற்றவள் என்ற எண்ணத்தின் நிரூபணமாகிவிடுகிறது. நோய் அந்த இடைவெளியில் வசதியாகக் குடியேறிவிடுகிறது. தனியே மனைவியை மட்டும் சந்திக்கும் ஆலோசகர், வாரத்தில் ஒரு மணி நேரம் அவரோடு இருக்கிறார். மீதி நேரமெல்லாம் இந்தச் சுழற்சிதான் அவரோடு இருக்கிறது.

மேலே போவதற்கு முன் உடலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலருடைய புரிதல் தவறிப்போகிறது. 1944 நவம்பரில், போர்முனைக்குச் செல்ல மனசாட்சி இடம்கொடாத 36 ஆரோக்கியமான இளைஞர்கள், மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் நடத்திய ஆய்வுக்குத் தாமாக முன்வந்தார்கள். போரினால் பட்டினி கிடந்த மக்களை எப்படி மீட்பது என்று கண்டறிவதே நோக்கம். 24 வாரங்களுக்கு அவர்களுக்கு நாளொன்றுக்கு 1,600 கலோரிக்குச் சற்றுக் குறைவாக உணவு கொடுக்கப்பட்டது. ஏறத்தாழ உடல் எடையில் கால் பங்கை இழந்தார்கள். மெலிவு எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது அவர்களுடைய மனத்துக்கு நேர்ந்தது. உணவைத் தவிர வேறெதையும் அவர்களால் நினைக்க முடியவில்லை. சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள். சாப்பாட்டை நீர்விட்டுப் பெருக்கி, நேரம் கடத்திக் கடத்திச் சாப்பிட்டார்கள். எரிச்சலும் சோர்வும் கொண்டார்கள். நண்பர்களை விட்டு விலகினார்கள். காதலிலும் காமத்திலும் இருந்த நாட்டம் போய்விட்டது. எப்போதும் குளிரில் நடுங்கினார்கள். உணவு திரும்பக் கிடைத்த பிறகு சிலர் வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் தின்றார்கள். அவர்களில் எவருக்கும் உணவுக் கோளாறு இருந்ததில்லை. பட்டினி மட்டுமே அத்தனையையும் செய்தது.

இந்த ஆய்வைப் பற்றி ஒவ்வொரு தம்பதியரிடமும் சொல்கிறேன். குறிப்பாக, "கல்யாணத்துக்கு முன்னாடி இவ இப்படி இல்லைங்க, சிரிச்சுப் பேசுவா, இப்ப என்னைத் தொடக்கூட விடறதில்ல" என்று சொல்லும் கணவர்களிடம் சொல்கிறேன். அவர் இழந்துவிட்டதாக எண்ணும் மனைவியின் குணங்களில் பெரும்பகுதி, பட்டினி கிடக்கும் மூளையால் தர முடியாமல் போனவை. அன்பு தீர்ந்துவிட்டது என்று தீர்ப்பளிப்பதற்கு முன், அந்த மூளைக்கு உணவு கிடைத்த பிறகு என்ன திரும்பி வருகிறது என்று பார்க்க வேண்டும். இதைக் கேட்டதும் அழுத கணவர்கள் உண்டு. மனைவிக்கும் இது ஒரு விடுதலை: தன் எரிச்சலும் மறதியும் குளிரும் தன் குணக்கேடு இல்லை என்று அவர் முதல்முறையாகக் கேட்கிறார்.

ஆகவே என் அறையில் ஒரு வரிசை இருக்கிறது, அதை நான் மாற்றுவதில்லை: முதலில் மருத்துவர், அடுத்து உணவு, பிறகுதான் பேச்சு. மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனையும் இசிஜியும் எடுக்காமல் நான் தொடங்குவதில்லை. தொடர்ந்து வாந்தி எடுக்கிறவர்களுக்குப் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தடுமாறலாம். அவர்களுடைய எடை முற்றிலும் சாதாரணமாக இருக்கலாம் என்பதால் வீட்டில் எவருக்கும் சந்தேகம் எழாது. வயிற்று அமிலத்தால் பல்லின் எனாமல் கரையும். வாந்தி எடுத்த உடனே பல் துலக்கினால் அது இன்னும் வேகமாகத் தேயும் என்பதால், தண்ணீரால் கொப்பளித்துவிட்டுக் காத்திருக்கச் சொல்கிறேன். நீண்ட நாள் பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையச் சாப்பிடத் தொடங்குவதும் ஆபத்து. இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே கேடு வரலாம். எனவே, "நாளையிலிருந்து நல்லா சாப்பிட வெச்சிடறேன்" என்று உற்சாகமாகக் கிளம்பும் குடும்பத்தையும் நான் மருத்துவர் பக்கம்தான் திருப்புகிறேன். மனநோய்களில் உயிரிழப்பு விகிதம் மிக அதிகமாக உள்ளவற்றில் அனோரெக்சியாவும் ஒன்று. இதை நான் மென்மையாக்கிச் சொல்வதில்லை.

குடும்பத்தைச் சிகிச்சைக்குள் அழைப்பது பற்றிய சிந்தனைக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. 1970களில் ஃபிலடெல்ஃபியாவில் சால்வடார் மினுச்சின், அனோரெக்சியா உள்ள பிள்ளைகளின் குடும்பங்களை மதிய உணவோடு சேர்த்து அமர்வுக்கு அழைத்தார். சாப்பாடு நடக்கும் இடத்திலேயே குடும்பத்தைப் பார்க்க வேண்டும் என்பது பெரிய முன்னேற்றம். ஆனால் அளவுக்கு மீறிப் பின்னிப்பிணைந்த குடும்பம்தான் நோயைப் பேணுகிறது என்ற கருத்தும் அதோடு பரவியது. தாய்மார்கள் பல ஆண்டுகள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். பிறகு லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான முறை அதே குடும்பத்தை வேறு பார்வையில் அழைத்தது: நோய் எதனால் வந்தது என்று பெற்றோரைக் கிளறாமல், பிள்ளைக்கு மீண்டும் உணவூட்டும் பொறுப்பை அவர்களிடம் கொடுத்தது. ஜெரால்டு ரசலும் கிறிஸ்டஃபர் டேரும் ஐவன் ஐஸ்லரும் பிறரும் 1987இல் வெளியிட்ட ஆய்வில் 80 நோயாளிகள் இருந்தார்கள். பத்தொன்பது வயதுக்கு முன் தொடங்கி, மூன்று ஆண்டுகளுக்குள் சிகிச்சைக்கு வந்த அனோரெக்சியா நோயாளிகளுக்குக் குடும்பத்தோடு செய்த சிகிச்சையே தனிச் சிகிச்சையை விட நல்ல பலன் தந்தது. குடும்பமே நோய்க்கு முதன்மைக் காரணம் என்ற கருத்தை உணவுக் கோளாறுகளுக்கான பன்னாட்டுத் தொழில்முறை அமைப்பு 2010இல் வெளிப்படையாக நிராகரித்தது. 2019இல் வந்த ஒரு பெரிய மரபணு ஆய்வு, அனோரெக்சியாவோடு தொடர்புள்ள எட்டு இடங்களை மரபணுத் தொகுதியில் காட்டியதோடு, வளர்சிதை மாற்றத்தோடும் அதற்குத் தொடர்பு இருப்பதைச் சுட்டியது. இத்தனைக்குப் பிறகும் "அம்மா வளர்ப்பு சரியில்ல" என்று ஒரு மாமா கூடத்தில் உட்கார்ந்து சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

அதே 1987 ஆய்வில், வயது வந்த பிறகு நோய் தொடங்கியவர்களுக்குப் பெற்றோரோடு செய்யும் சிகிச்சை அப்படிப் பலன் தரவில்லை. அவர்களுடைய மேசை மாறிவிட்டது. எதிரே அமர்ந்திருப்பவர் இப்போது கணவரோ மனைவியோ. இந்த இடைவெளியைத்தான் அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் சிந்தியா பியூலிக்கும் டானல்ட் பாக்கமும் நிரப்ப முயன்றார்கள். அனோரெக்சியா உள்ளவரின் வாழ்க்கைத்துணையைச் சிகிச்சையில் இணைக்க அவர்கள் வகுத்த முறை, மருத்துவர், உணவியல் நிபுணர், தனி ஆலோசகர் ஆகியோரின் வேலையோடு சேர்த்து, தம்பதியருக்கென்று தனி அமர்வுகளை வைக்கிறது. உணவு, உடல் பற்றிய உணர்வு, உடலுறவு, நோய் திரும்பி வந்தால் செய்ய வேண்டியது என எல்லாமே அதில் பேசப்படுகின்றன. என் வேலைக்கு மிக நெருக்கமான வழிகாட்டி அதுதான். கணவனுக்கும் மனைவிக்கும் உள்ள உறவு பெற்றோருக்கும் பிள்ளைக்கும் உள்ள உறவு அல்ல என்பதை அது தெளிவாகப் பிடித்திருப்பதே என்னை ஈர்த்த அம்சம். பெற்றோர் பிள்ளையின் தட்டுக்குப் பொறுப்பேற்கலாம். கணவர் மனைவியின் தட்டுக்குக் காவலரானால் மணவாழ்க்கை கெட்டுவிடும்.

அப்படியானால் அவருக்கு என்ன வேலை? முதலாவது, நேரம். ஆக்ஸ்ஃபர்டில் கிறிஸ்டஃபர் ஃபேர்பர்ன் வகுத்த சிகிச்சையின் முதல் கட்டம் மிக எளிமையானது: நாளுக்கு மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு அல்லது மூன்று சிறு தீனி, நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிறு காயக் கூடாது. கட்டுமீறி உண்ணும் பழக்கத்தைப் பெரும்பாலானோரிடம் முதலில் தணிப்பது இந்த ஒழுங்குதான், ஏனெனில் பகல் முழுவதும் பட்டினி கிடந்தவர்களே இரவில் சோற்றுப் பானையின் முன் நிற்கிறார்கள். நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்து, இரவு பதினொரு மணிக்குப் பிள்ளைகள் தூங்கியதும் மிச்சமிருந்த எல்லாவற்றையும் நின்றபடியே தின்று, பிறகு அழுகிற ஒருவருக்கு, "ராத்திரி கட்டுப்பாடா இரு" என்ற அறிவுரை எந்த வகையிலும் உதவாது. அவருக்கு வேண்டியது காலை ஏழரைக்கு இரண்டு இட்லியும், அதைத் தாமும் அதே நேரத்தில் சாப்பிடும் ஒரு துணையும். வேலைநேரம் ஒத்துவராத தம்பதியர் எந்த வேளையைச் சேர்ந்து சாப்பிட முடியும் என்று அறையிலேயே அட்டவணை போடுகிறோம். வேலை முடிந்து வரும் வழியில் உணவங்காடி நிலையத்தில் சந்தித்துச் சாப்பிடுவதும் அதில் சேரும். சில பெண்களுக்கு மாமியார் இல்லாத மேசையில்தான் முதல் கவளம் இறங்குகிறது.

இரண்டாவது, சாப்பிட்ட பிறகான ஒரு மணி நேரம். வாந்தி எடுக்கும் உந்துதல் அப்போதுதான் மிகக் கடுமையாக இருக்கும். அந்த நேரத்தில் கணவர் கழிவறைக் கதவின் அருகே காவல் நிற்கக் கூடாது என்று சொல்கிறேன். இருவரும் சேர்ந்து ஏதாவது செய்ய வேண்டும். கீழே நடக்கலாம், துணி மடிக்கலாம், தொடர் பார்க்கலாம். என்ன செய்வது என்பதை மனைவிதான் முடிவுசெய்வார். இந்த ஒப்பந்தம் அறையில், இருவரும் அமைதியாக இருக்கும்போது, எழுதப்படுகிறது. சில வாரங்களில் அது கைகூடாமல் போகும். மனைவி வாந்தி எடுத்துவிட்டு அதைக் கணவரிடம் சொல்ல முடிந்தால், அதையே பெரிய முன்னேற்றமாக எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் மறைப்பில்தான் நோய் வளர்கிறது. அதைக் கேட்டதும் அவர் என்ன சொல்ல வேண்டும் என்பதற்கு நாங்கள் ஒத்திகை பார்க்கிறோம். "சொன்னது நல்லதாப் போச்சு, கிட்ட வந்து உட்காரு" என்ற அளவுக்குப் போதும். காரணம் கேட்பது மறுநாளைக்கு.

மூன்றாவது, பேச்சைக் கட்டுப்படுத்துவது, இதுவே மிகக் கடினமானது. உடலைப் பற்றிப் பேசுவது நம்மிடம் பாசத்தின் அடையாளம். திருமண விருந்திலும் தீபாவளிக்கு வீடு தேடிப் போகும்போதும் முதல் பேச்சே "என்ன இப்படி எளைச்சுட்ட" அல்லது "நல்லா பூசினாப்ல ஆயிட்ட" என்பதாகத்தான் இருக்கும். கணவர் நல்ல எண்ணத்தோடு, "இப்பதான் உன் முகத்துல ஒரு களை வந்திருக்கு" என்கிறார்; நோய் அதை, "நீ பருத்துவிட்டாய்" என்று மாற்றி ஒலிக்கச் செய்கிறது; அடுத்த வேளை உணவு போய்விடுகிறது. ஆகவே சிகிச்சை நடக்கும் காலம் முழுக்க, பாராட்டாக இருந்தாலும், உடலைப் பற்றிய எந்தக் கருத்தும் வேண்டாம் என்பது எங்கள் விதி. மாமியார், "என்னம்மா கோழி கொத்துற மாதிரி கொத்துற?" என்று கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவரும் கணவர்தான். "அம்மா, அவ தட்டைப் பத்தி யாரும் பேச வேணாம், டாக்டர் சொல்லியிருக்காங்க" என்ற ஒரு வாக்கியத்தைத் தன் தாயிடம் சொல்வதற்கு ஒரு மகன் பல வாரங்கள் எடுத்துக்கொள்ளலாம். அந்த வாக்கியம் சொல்லப்பட்ட நாளில் உணவுக் கோளாறும் நகர்கிறது, மணவாழ்க்கையும் நகர்கிறது. எனக்கு இவ்விரு வேலைகளையும் பிரிக்கத் தோன்றாததற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

நம் வீடுகளுக்கே உரிய சில சிக்கல்களையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் இந்தியரிடையே நீரிழிவு சீனர்களை விட அதிகம்; 2016இல் அரசாங்கம் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது; 2022 இறுதியிலிருந்து பானங்களில் சர்க்கரை, கொழுப்பு அளவைக் காட்டும் ஏ முதல் டி வரை எழுத்துகள் வந்துவிட்டன. இவை தேவையான நடவடிக்கைகள், நான் அவற்றை ஆதரிக்கிறேன். ஆனால் அப்பாவுக்குச் சர்க்கரை என்பதால் சோறு பகையாகிவிட்ட வீட்டில், எண்களையும் எழுத்துகளையும் இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்புடைய ஒரு பதினான்கு வயதுப் பெண் என்ன கற்றுக்கொள்கிறாள் என்பதையும் யாராவது பார்க்க வேண்டும். 1992 முதல் 2007 வரை இங்குள்ள பள்ளிகளில் நடந்த டிரிம் அண்ட் ஃபிட் திட்டத்தில் எடை கூடிய மாணவர்கள் தனியே பிரிக்கப்பட்டுக் கூடுதல் உடற்பயிற்சி செய்தார்கள். இடைவேளையில் மற்றவர்கள் பார்க்க ஓடியதை இன்றும் நடுக்கத்தோடு நினைவுகூர்கிறவர்கள், இப்போது முப்பதுகளிலும் நாற்பதுகளிலும், தம் பிள்ளையின் தட்டைப் பார்த்துப் பயந்தபடி என் முன் அமர்ந்திருக்கிறார்கள்.

விரதம் இன்னொன்று. புரட்டாசியும் சஷ்டியும் தைப்பூசத்துக்கு முந்தைய நாள்களும் பக்தியின் காலங்கள். அதே சமயம், உணவைத் தவிர்க்க விரும்பும் நோய்க்கு அவற்றைவிட மரியாதையான மறைப்பு கிடையாது. தெய்வத்தின் பெயரால் ஒருவர் சாப்பிடாமல் இருக்கும்போது வீட்டில் யார் கேள்வி கேட்பார்? நான் பக்தியைக் கேள்வி கேட்பதில்லை. விரதம் முடியும் நாள் வரும்போது மனத்தில் நிறைவு இருக்கிறதா, அச்சம் இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறேன். அச்சம் என்று பதில் வந்தால், இவ்வாண்டு உணவைத் தவிர வேறொன்றைக் கைவிட்டு விரதம் இருக்க முடியுமா என்று அவரும் அவருடைய துணையும் சேர்ந்து யோசிக்கச் சொல்கிறேன். தமிழ் முஸ்லிம் தம்பதியரோடு ரமதான் பற்றிப் பேசும்போது இது சற்று எளிது, ஏனெனில் நோயுற்றவருக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு என்பது அவர்களுக்குத் தெரியும்; உணவுக் கோளாறும் நோய்தான் என்பதை ஏற்கவைப்பதே அங்கே என் வேலை. தவக்காலத்தில் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் இதே உரையாடல் நடக்கிறது.

திருமணத்துக்கு முந்தைய மாதங்களும் கவனிக்கத் தக்கவை. தேக்கா நிலையத்தின் மாடியில் ரவிக்கைக்கு அளவு கொடுக்கும்போது, "கல்யாணத்துக்குள்ள ரெண்டு இன்ச் குறைச்சிடுவேன்" என்று சொல்லும் மணப்பெண்ணைப் பார்த்து எல்லோரும் மகிழ்கிறார்கள். பெரும்பாலானோருக்கு அது அதோடு முடிந்துவிடும். ஏற்கெனவே மரபாலும் இயல்பாலும் நோய்க்கு இடம் உள்ள சிலருக்கு அந்த உணவுக்கட்டுப்பாடே நோயின் வாசல். திருமணமான முதல் ஆண்டில் மாதவிடாய் நின்றுபோய், உறவினர்கள் குழந்தையைப் பற்றிக் கேட்கத் தொடங்கிய பிறகு, மகப்பேற்று மருத்துவர் வழியாக என்னிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள். கணவருக்கு அதுவரை எதுவும் தெரிந்திருக்காது.

ஆண்களை நாம் இன்னும் தவறவிடுகிறோம். தேசிய சேவைக்கு முன் எடை குறைக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல் போன இளைஞரும், ஓடவில்லை என்றால் சாப்பிடத் தகுதியில்லை என்று நினைக்கும் குடும்பத்தலைவரும் கட்டுப்பாடு மிக்கவர்கள் என்று பாராட்டப்படுகிறார்கள். கட்டுமீறி உண்ணும் கோளாறு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் 2013இல்தான் தனி நோயாக இடம்பெற்றது. ஆண்களிடம் கணிசமாகக் காணப்படும் உணவுக் கோளாறு அது. "நல்ல சாப்பாட்டுப் பிரியர்" என்ற பட்டத்துக்குப் பின்னால் வெட்கத்தோடு ஒளிந்திருக்கும் கணவர்களை முதலில் அழைத்து வருகிறவர்கள் எப்போதும் மனைவியர்தான்.

இருவரையும் சேர்த்து அமர்த்தக் கூடாத சூழலும் உண்டு, அதில் எனக்குச் சமரசம் கிடையாது. தம்பதியராக வந்தாலும், ஒவ்வொருவரையும் ஒரு முறை தனியே சந்திக்கிறேன். அடி, மிரட்டல், பணத்தைப் பூட்டி வைத்தல், தொலைபேசியைச் சோதித்தல் ஆகியவை பற்றி நேரடியாகக் கேட்கிறேன். மனைவியின் எடையைக் கணவரே நிர்ணயிக்கும் வீடுகள் இருக்கின்றன. "இந்த சைஸ்ல உன்ன வெளிய கூட்டிட்டுப் போக முடியாது" என்று சொல்கிறவரைச் சிகிச்சையின் துணையாக நான் ஏற்க மாட்டேன். அங்கே வேலை தனியாக நடக்கும், பாதுகாப்பை முதலில் வைத்து நடக்கும். 1800 777 0000 என்ற வன்முறைத் தடுப்பு நேரடித் தொலைபேசி எண்ணை மனைவியிடம் கொடுத்து, அதை எந்தப் பெயரில் தொலைபேசியில் சேமிப்பது என்பது வரை பேசுகிறோம்.

மணவாழ்க்கையே முடிந்துவிட்டது என்ற முடிவோடு வருகிறவர்களிடம் நான் வேறொன்று கேட்கிறேன். 2024 ஜூலை முதல் பரஸ்பர உடன்பாட்டின் பேரில் மணவிலக்குக் கோர இங்கே சட்டம் இடம்தருகிறது. ஒருவர் மேல் ஒருவர் குற்றம் சுமத்த வேண்டியதில்லை என்பது நல்ல மாற்றம். ஆனால் இருவரில் ஒருவர் பட்டினியில் இருக்கும்போது அந்த முடிவை எடுக்க வேண்டாம், உடல் ஓரளவு தேறும் வரை தள்ளிவையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தேறிய பிறகு பிரிந்தவர்களும் உண்டு. அவர்கள் தெளிவாகப் பிரிந்தார்கள்.

இதைப் படிக்கிறவர்களில் எவருக்காவது உதவி தேவைப்பட்டால், சில நடைமுறைக் குறிப்புகள். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் உணவுக் கோளாறுகளுக்கென்று 2003 முதல் தனிப் பிரிவு இயங்குகிறது. அங்கே மனநல மருத்துவர், உணவியல் நிபுணர், ஆலோசகர் ஆகியோர் சேர்ந்தே பார்க்கிறார்கள். பதின்ம வயதினருக்குக் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் குடும்பத்தோடு செய்யும் சிகிச்சை இருக்கிறது. பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு போனால் கட்டணச் சலுகை கிடைக்கும். மருத்துவரிடம் "பசியில்லை", "சோர்வாக இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். எத்தனை மாதமாக எடை குறைகிறது, வாந்தி எடுக்கிறீர்களா, மாதவிடாய் நின்றுவிட்டதா, மயக்கம் வந்ததா என்பவற்றைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்; வாயால் சொல்ல வெட்கமாக இருப்பவற்றைத் தாள் சொல்லிவிடும். நள்ளிரவில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் 1767 என்ற எண்ணும் 24 மணி நேரமும் இயங்குகின்றன. மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ ஆலோசகருக்காகக் காத்திருக்க வேண்டாம். நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். ஆலோசகரைச் சந்திக்க வரும்போது, பாதுகாப்பானவராக இருந்தால், உங்களோடு சாப்பிடுகிறவரை அழைத்து வாருங்கள். அவர் வர மறுத்தால் நீங்கள் தனியாகவே வாருங்கள்; அவரை எப்படி அழைப்பது என்பதை முதல் அமர்விலேயே சேர்ந்து எழுதிப் பார்க்கலாம்.